இரண்டு சிறகு விதை: எந்த மரம் என்று சொல்லுங்களேன்

வணக்கமுங்க. கோடை முடியும் வரை சத்தியமங்கலம் பக்கம் ஒரு வனப் பூங்காவில் டிக்கெட் கிழிக்கும் வேலை. 2013இல் புலிகள் காப்பகமான காடுதான், ஆனால் புலியின் வால்கூட என் கண்ணில் படவில்லை. சாயங்காலம் சூடு ஆறாத தார் ரோட்டில் பக்கிக் குருவி உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

இப்போது ஒரு மரம் என்னைப் படுத்துகிறது. மரத்தில் ஓர் இலைகூட இல்லை. பட்டை வழவழவென்று சாம்பல் நிறம். காற்றடித்தால் காய்கள் பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டே இறங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் முயல் காது போல இரண்டு நீளச் சிறகுகள். வேங்கை இல்லைங்க, அதற்கு விதையைச் சுற்றி வட்டச் சிறகு இருக்கும். ஆடு மேய்க்கும் பெரியவர் "தணக்கு சாமி" என்றார். சரிதானா? மஞ்சள் பூப் பூக்கும் கோங்கையும் சிலர் தணக்கு என்கிறார்களே, அதுதான் குழப்பம்.

காட்டிலிருந்து எதையும் எடுத்து வரக்கூடாது, அதனால் போட்டோ மட்டும் போட்டிருக்கிறேன். தெரிந்த அண்ணன், அக்கா யாராவது பார்த்துச் சொல்லுங்க. வருகிற பிள்ளைகள் தினமும் கேட்கிறார்கள், நானும் எத்தனை நாள்தான் சமாளிப்பது?