ஃபோர்ட் கேசி: ஒரு நாள் போதுமா? பீரங்கி எப்படி "மறையும்"?

கேள்வி:
சியாட்டிலிலிருந்து காரில் விட்பி தீவுக்குப் போகிறோம். கூட 6, 9 வயதுக் குழந்தைகள். பழைய கடற்கரைக் காவல் கோட்டையான ஃபோர்ட் கேசி மாநிலப் பூங்காவை ஒரே நாளில் பார்த்துத் திரும்ப முடியுமா? எந்த ஃபெர்ரி நல்லது? அங்கிருக்கும் பீரங்கிகள் மறைந்து சுடும் என்கிறார்களே, அது எப்படி?

பதில் 1:
தாராளமாக முடியும். முக்கில்டியோ–கிளின்டன் ஃபெர்ரியில் போங்க, கடக்க 20 நிமிஷம்தான். முன்பதிவு கிடையாது, அதனால் கோடையில் சனி, ஞாயிறு என்றால் காலையிலேயே வரிசைக்குப் போய்விடுவது நல்லது. போர்ட் டவுன்சென்ட் ஃபெர்ரி கோட்டைக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும், ஆனால் சியாட்டில்காரர்களுக்கு அது சுற்று. கோட்டைப் பக்கம் அது வந்து நிற்கும் துறைமுகத்தின் வாய் குறுகல். நீர்மட்டம் ரொம்ப இறங்கினாலோ நீரோட்டம் வேகமாக இருந்தாலோ சில நடைகளை ரத்து செய்துவிடுவார்கள். வண்டி நிறுத்த டிஸ்கவர் பாஸ் (மாநிலப் பூங்காக்களுக்கான வண்டி அனுமதிச் சீட்டு) வேண்டும், ஒரு நாளுக்கு 10 டாலர்.

பதில் 2:
பீரங்கி விஷயம். குழல் இரண்டு பெரிய நெம்புகோல் கைகளின் மேல்முனையில் உட்கார்ந்திருக்கும். கீழ்முனையில், குழிக்குள், ஈய எடை. பூட்டை விடுவித்தால் எடை இறங்கும், குழல் கான்கிரீட் சுவருக்கு மேலே எழும். சுட்டதும் பின்னுதைப்பே குழலைப் பின்னால் தள்ளிக் கீழே இறக்கி, எடையை மறுபடி தூக்கிவிடும். பற்சட்டத்தில் கொக்கி மாட்டி அப்படியே நிற்கும். அடுத்த குண்டைச் சுவர் மறைவில் நின்றே போடலாம். 10 அங்குலக் குழல்வாய் கொண்ட பீரங்கியின் குண்டு ஒன்றின் எடை சுமார் 617 பவுண்டு. அடுத்த சுற்றுக்குத் தயாராகிற மாதிரி, சுட்ட விசையையே வேலை வாங்கிய வடிவமைப்பு, அருமையான பொறியியல்.

ஆனால் இந்த அமைப்பில் குழலை அதிகம் நிமிர்த்த முடியாது, அதனால் குண்டு போகும் தூரம் குறைவு. போர்க்கப்பல் பீரங்கிகளின் எட்டும் தூரம் கூடிய பிறகு பயன் போயிற்று. மேலே கூரையும் இல்லை, விமானம் வந்தால் ஒளிய இடமில்லை.

இப்போது இந்தக் கோட்டையின் பேட்டரி வொர்த் என்ற பீரங்கி மேடையில் இருக்கும் 10 அங்குலப் பீரங்கி ஜோடி அசல் இல்லை. அசலை முன்பே கழற்றிவிட்டார்கள். இவை பிலிப்பைன்ஸின் சூபிக் விரிகுடாவில் இருந்த ஃபோர்ட் வின்ட்டிலிருந்து 1960களில் வந்தவை.

பதில் 3:
குழந்தைகள் வருவதால் சொல்கிறேன்: பீரங்கி மேடைகளின் விளிம்பில் எல்லா இடத்திலும் தடுப்புக் கம்பி இல்லை, கீழே கான்கிரீட் தரை. சின்னவர் கையை விடாதீர்கள். வெடிமருந்து அறைகள் கும்மிருட்டு, ஆளுக்கொரு டார்ச் எடுங்க. போன் வெளிச்சம் போதாது. கடல் காற்று ஓயாது, கோடையிலும் ஜாக்கெட் வேண்டும். எதிரே உள்ள புல்வெளி பட்டம் விட அருமையான இடம். 1903இல் கட்டிய அட்மிரால்டி ஹெட் கலங்கரை விளக்கம் பக்கத்தில்தான், திறக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், முதலில் பார்த்துக்கொள்ளுங்க.