சாத்துதிரையும் பூட்டுத்திரையும்: ஸ்கிரீன் சேவருக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

கணினியைக் கொஞ்ச நேரம் தொடாவிட்டால் திரையில் தானாக ஓடுகிற படம் இருக்கிறதே, அந்த ஸ்கிரீன் சேவருக்குத் தமிழ் என்ன என்று போன வாரம் நம் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். திரைசேமிப்பான், திரைப்பாதுகாப்பி, திரைக்காப்பு என்று மூன்று சொற்கள் வந்தன. பேச்சு அதோடு நின்றுவிட்டது. எனக்கும் அப்போது எதுவும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் கணினியோடு ஒரு முற்பகல் முழுக்க மல்லுக்கட்டிய பிறகுதான் சொல்வதற்கு ஒன்று கிடைத்தது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரம் பக்கம். அண்ணாச்சிக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. விடியுமுன்னே பால் வெட்டு, அப்புறம் பாலை உறைய வைத்து, ரோலரில் விட்டு ஷீட் அடிப்பது. இன்றைக்கு எத்தனை ஷீட், ஒட்டுப்பால் (மரத்திலேயே காய்ந்து ஒட்டிய பால்) எத்தனை கிலோ என்ற கணக்கை ஒரு வருடமாகக் கணினியில் எழுதுகிறார். மகன் வாங்கி வைத்துவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டான். அமைப்புகள் எல்லாம் அவன் விட்டுப்போனபடியே இருக்கின்றன.

அண்ணாச்சி சொன்ன குறை இதுதான்: “மக்கா, ரெண்டு ஷீட்டை ரோலர்ல விட்டுட்டு வாரதுக்குள்ள இது பூட்டிக்கிட்டு நிக்கி. சாத்துனா போதாதா? எதுக்குப் பூட்டணும்?”

அவர் கையைப் பார்த்தேன். விரல் நுனிகளில் ரப்பர் பால் காய்ந்து இன்னொரு தோல் போல ஒட்டியிருந்தது. கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைத் தேய்த்து அதை நூலாக உருட்டி எடுத்தார். பிறகு கண்ணாடியைப் போட்டு, பின் (PIN) எண்ணின் நான்கு இலக்கங்களையும் ஒவ்வொன்றாகத் தேடி அழுத்தினார். காலையில் ஏழெட்டுத் தடவை இதைச் செய்கிறார்.

சரி, சின்ன வேலைதான் என்று ஸ்கிரீன் சேவர் பெட்டியைத் திறந்தேன். குமிழிகள் மிதக்கிற படம், 5 நிமிடம். கீழே ‘திரும்பி வரும்போது உள்நுழைவுத் திரையைக் காட்டு’ என்ற கட்டத்தில் டிக் இருந்தது. அதை எடுத்துவிட்டு, அக்கா கொண்டுவந்த கட்டஞ்சாயாவைக் குடித்து முடித்து வந்து பார்த்தால், மறுபடியும் பின் கேட்கிறது! காரணம் இன்னொரு இடத்தில் இருந்தது. 10 நிமிடம் யாரும் தொடாவிட்டால் கணினி தூங்கப் போய்விடும்படி மகன் வைத்திருக்கிறான். தூக்கத்திலிருந்து எழுப்பினால் பின் கேட்பதற்குத் தனி அமைப்பு உண்டு. அது ஸ்கிரீன் சேவர் பெட்டியில் கிடையாது. கணினி அமைப்புகளின் கணக்குகள் (Accounts) பகுதியில், உள்நுழைவு விருப்பங்களுக்குள் இருக்கிறது. அதில் ‘ஒருபோதும் வேண்டாம்’ என்று மாற்றிய பிறகுதான் கணினி அடங்கியது.

மதியம் கரண்ட் போய் வந்த பிறகு திரும்பவும் கூப்பிட்டார். இந்தத் தடவை பின் எண்ணே விழவில்லை. விசைப்பலகையின் வலது பக்கத்து எண்களை அழுத்துகிறார், கட்டம் காலியாகவே இருக்கிறது. அந்த எண்களை இயக்குகிற ‘நம் லாக்’ (Num Lock) அணைந்திருந்தது, அவ்வளவுதான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தமிழ் விசைப்பலகை போட்டுக்கொண்ட வீடுகளில் கடவுச்சொல் சரியாக இருந்தும் தவறு என்று வந்தால், உள்நுழைவுத் திரையின் வலது கீழ் மூலையில் மொழிக்குறியைப் பாருங்கள். விசைப்பலகை தமிழிலேயே நின்றிருக்கலாம். கண் படத்தை அழுத்தினால் என்ன எழுத்து விழுகிறது என்று தெரிந்துவிடும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். எங்கள் முற்பகல் வீணானதற்குப் பாதிக் காரணம் சொல் இல்லாததுதான். போனில் மகனிடம் அண்ணாச்சி ‘ஸ்கிரீன் சேவர் தொந்தரவு பண்ணுது’ என்றிருக்கிறார். அவனும் ‘ஸ்கிரீன் சேவரை எடுத்துவிடுங்கள்’ என்றிருக்கிறான். எடுத்தாலும் தொந்தரவு தீராது, ஏனென்றால் தொந்தரவு செய்தது பூட்டு. படம் ஓடுவது, பூட்டுவது, தூங்குவது ஆகிய மூன்றும் வேறு வேறு வேலைகள். மூன்றையும் ஒரே பெயரில் கூப்பிட்டால் எந்தக் கட்டத்தில் டிக்கை எடுப்பது?

வந்த மூன்று சொற்களும் ‘சேவர்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்து எழுந்தவை. அந்தப் பெயர் டியூப் மானிட்டர் காலத்துக்குப் பொருந்தியது. கண்ணாடியின் உட்புறம் பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள் பூசியிருக்கும். ஒரே படம் மாதக்கணக்கில் அசையாமல் நின்றால் அந்த இடத்துப் பூச்சு தேய்ந்து தழும்பு விழுந்துவிடும். நாகர்கோவிலில் பிரவுசிங் சென்டர்கள் நிறைந்திருந்த நாட்களில் அணைத்து வைத்த மானிட்டரிலும் பழைய பட்டையின் நிழல் தெரிவதை நானே பார்த்திருக்கிறேன். அதைத் தடுக்கத்தான் குழாய் வளர்வதும் நட்சத்திரம் பறப்பதுமான படங்கள். இப்போது வீட்டு மேசையில் இருக்கிற எல்சிடி திரையில் பாஸ்பர் பூச்சே இல்லை. ஓஎல்இடி திரையில் தழும்பு விழும் என்பது உண்மை, ஆனால் அங்கேயும் படம் ஓடவிடுவதைவிடத் திரையை அணைப்பதே நல்லது. ஆக, பெயரில் இருக்கிற காப்பு வேலை அநேகமாக ஓய்ந்துவிட்டது.

திரைசேமிப்பான் என்ற சொல் கெடுதலே செய்கிறது. கேட்பவர் மின்சாரம் சேமிக்கும் என்று நினைத்துக்கொள்கிறார். படம் ஓடுகிற வரை பின்விளக்கு எரிந்துகொண்டுதானே இருக்கும்? பாதுகாப்பி என்றால் வைரஸ் தடுப்பு ஞாபகம் வருகிறது.

அண்ணாச்சி கேட்ட கேள்வியிலேயே எனக்கு விடை கிடைத்தது. கதவைச் சாத்துவதும் பூட்டுவதும் வேறு என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சாத்திய கதவைத் தள்ளினால் திறக்கும்; பூட்டிய கதவுக்குச் சாவி வேண்டும். சுட்டியை அசைத்தவுடன் விலகுகிற படத்துக்குச் சாத்துதிரை என்றும், பின்னோ கடவுச்சொல்லோ கேட்டு நிற்கிற திரைக்குப் பூட்டுத்திரை என்றும் பெயர் வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. தூக்கம் தூக்கமாகவே இருக்கட்டும். ‘சாத்துதிரை போதும், பூட்டுத்திரை வேண்டாம்’ என்று அண்ணாச்சி போனில் சொல்லியிருந்தால் மகன் சரியான இடத்துக்குப் போயிருப்பான்.

லாகினுக்கு நான் உள்நுழைவு என்றே எழுதியிருக்கிறேன். தமிழ் விக்கிப்பீடியாவில் புகுபதிகை என்ற அழகான சொல் உண்டு. வெளியேறுவதற்கு அதற்கு இணையாக விடுபதிகை. வீட்டுக் கணினிக்கு உள்நுழைவே எளிது என்று நினைக்கிறேன். அது வேறு விவாதம், இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

உங்கள் கருத்து வேண்டும்.

குலசேகரத்திலிருந்து

*

மறுமொழி

அன்புள்ள தம்பிக்கு,

படித்தேன். பூட்டுத்திரையை முழுமனதோடு ஏற்கிறேன். சாத்துதிரையில் எனக்குத் தயக்கம் உண்டு.

முதலாவது, திரைக்காப்பு என்பதை ஆங்கிலத்தைப் பார்த்து வந்த சொல் என்று தள்ளிவிட்டீர்கள். காப்பு என்றால் தமிழில் காவல் மட்டுமா? சுசீந்திரம் கோயிலில் ஆஞ்சநேயர் ஓங்கி நிற்கிறார். அவருக்குச் சந்தனக்காப்பு, வெண்ணெய்க்காப்பு என்று சொல்கிறோமே, அங்கே காப்பு என்பது மேலே போர்த்தி அலங்கரிப்பது. உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கிறது, மேலே ஒரு பூச்சு. நீங்கள் சொல்கிற குமிழிப் படமும் அப்படித்தானே? டியூப் மானிட்டர் போனாலும் சொல் நிற்கும்.

இரண்டாவது, சாத்து என்பது பெயர்ச்சொல்லாக வரும்போது பழந்தமிழில் வணிகர் கூட்டத்தைக் குறிக்கும். ‘சாத்துத்திரை’ என்று யாராவது ஒற்று மிகுத்து எழுதினால் வணிகர் கூட்டத்தின் திரை என்று ஆகிவிடும். சாத்துதிரையில் ஒற்று இல்லை, பூட்டுத்திரையில் ஒற்று இருக்கிறது. மாணவர்கள் குழம்புவார்கள். 32 வருடம் வகுப்பில் நின்றவள் என்பதால் இது எனக்குக் கண்ணில் உறுத்துகிறது.

நாகர்கோவிலிலிருந்து

*

மறுமொழி

எல்லோருக்கும் வணக்கம். நான் மார்த்தாண்டத்தில் கணினி, மொபைல் சரிசெய்கிற கடை வைத்திருக்கிறேன். இலக்கணம் எனக்கு அதிகம் தெரியாது. கடையில் ஒருவர் வந்து ‘திரைக்காப்பு வேணும்’ என்று கேட்டால் மொபைலில் ஒட்டுகிற கண்ணாடியைத்தான் எடுத்துக் கொடுப்பேன். திரையை நிஜமாகவே காப்பது அதுதான். கீழே விழுந்து கண்ணாடி மட்டும் உடைந்து, உள்ளே திரை பிழைத்ததைத் தினமும் பார்க்கிறேன். அந்தப் பெயரை அதற்கு விட்டுக்கொடுங்கள்.

இன்னொன்று. ஸ்கிரீன் சேவர் வரவே மாட்டேன் என்கிறது என்று கொண்டுவருகிறவர்களும் உண்டு. திரையை 5 நிமிடத்தில் அணைக்கச் சொல்லிவிட்டு, ஸ்கிரீன் சேவரை 10 நிமிடத்துக்கு வைத்திருப்பார்கள். அணைந்த திரையில் படம் எங்கே தெரியும்? இதை விளக்குகிறபோது ‘நீங்க தொடாம இருக்கிற நேரம்’ என்று ஒவ்வொரு தடவையும் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கும் ஒரு சொல் தாருங்கள்.

*

மறுமொழி

டீச்சருக்கும் மார்த்தாண்டம் நண்பருக்கும் நன்றி.

டீச்சர், சந்தனக்காப்பை நான் யோசிக்கவே இல்லை. காப்பு என்ற சொல்லை ஆங்கிலத்தின் நிழல் என்று எழுதியது தவறு, திருத்திக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் காட்டிய அதே சந்நிதி சாத்து என்ற சொல்லுக்கும் துணை நிற்கிறது. அங்கே மாலை சாத்துகிறோம், வடைமாலை சாத்துகிறோம். உச்சிப் பூசை முடிந்தால் நடை சாத்துகிறோம். அழகு செய்வதற்கும் அடைப்பதற்கும் தமிழில் ஒரே வினை. படத்தைப் போட்டு அழகும் செய்து, எழுதிக்கொண்டிருந்த கணக்கையும் மறைத்து வைக்கிற ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரியவில்லை. காப்பு என்ற சொல்லில் போர்த்துவது இருக்கிறது, அடைப்பது இல்லை.

ஒற்றைப் பற்றி. சாத்துதிரை வினைத்தொகை, சாத்திய திரை, சாத்துகின்ற திரை, சாத்தும் திரை என்று மூன்று காலத்துக்கும் விரியும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. சுடுசோறு, குடிதண்ணீர் என்று ஒற்றில்லாமல்தானே எழுதுகிறோம். பூட்டுத்திரையில் பூட்டு என்பது பெயர். பூட்டை உடைய திரை. பெயராக நிற்கிற வன்தொடர்க் குற்றியலுகரத்துக்கு, அதாவது ‘ட்டு’ போல வல்லின ஒற்றை அடுத்த உகரத்தில் முடிகிற சொல்லுக்கு, அடுத்து வல்லினம் மிகும். ஒற்று இருப்பதும் இல்லாததும் இரண்டு சொல்லின் வேலையையும் பிரித்துக் காட்டுகிறது என்று எனக்குப் படுகிறது. ஒன்று நடக்கிற செயல், மற்றது மாட்டியிருக்கிற பொருள். ‘சாத்துத்திரை’ என்று யாராவது எழுதினால் அதைப் பிழை என்று திருத்துவோம். வணிகச் சாத்து இன்று பேச்சில் இல்லாததால் பொருள் மயங்காது என்றே நம்புகிறேன்.

தனி மடலில் ஒருவர் தாழ்திரை என்று பரிந்துரைத்தார். தாழ்ப்பாள் நினைவு நல்லதுதான், ஆனால் தாழ்ந்த திரை என்று படிக்க நேரிடும். அது வேண்டாம்.

மார்த்தாண்டம் நண்பருக்கு: மொபைல் கண்ணாடிக்குத் திரைக்காப்பு என்பதை மனதார ஒப்புக்கொள்கிறேன். கடையில் இன்றைக்கே எழுதிப் போடுங்கள். நீங்கள் கேட்ட சொல்லோ உங்கள் வாயிலேயே இருக்கிறது. தொடாமல் இருக்கும் நேரம், தொடாநேரம். வாடாமலர் போல. ‘சாத்துதிரையின் தொடாநேரம் 5, திரை அணைவதன் தொடாநேரம் 15’ என்றால் நீங்கள் சொன்ன சிக்கல் ஒரு வரியில் புரிந்துவிடும்.

அண்ணாச்சியின் கணினியைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார், பூட்டே இல்லாமல் விடலாமா என்று. விடக்கூடாதுதான். அதே கணினியில் அவர் வங்கிக் கணக்கும் பார்க்கிறார். கணினி தானாகப் பூட்டுவதைத்தான் நிறுத்தியிருக்கிறேன். வீட்டைவிட்டு வெளியே போகும்போது விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்தச் சொல்லிக் கொடுத்தேன்; அழுத்தினால் உடனே பூட்டுத்திரை வந்துவிடும். ரோலருக்குப் போனால் சாத்துதிரை, சந்தைக்குப் போனால் பூட்டுத்திரை என்று அவருக்கு விளங்கிவிட்டது. எல் விசையின் மேல் வெள்ளை பிளாஸ்திரியில் ஒரு துண்டு வெட்டி ஒட்டி, ‘பூ’ என்று எழுதி வைத்திருக்கிறார்.

டீச்சர், ஒற்று விஷயத்தில் உங்கள் மனம் சமாதானம் ஆனதா என்று எழுதுங்கள். அதன் பிறகு மூன்று சொற்களையும் குழுவின் பட்டியலில் சேர்க்கிறேன்.