லெப்பிங்டன் நிலம்: பொறுப்பு யாருடையது?

கேள்வி: மேற்கு சிட்னி விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதைக்கென 2018இல் ஆஸ்திரேலிய அரசு ஏறத்தாழ 3 கோடி டாலருக்கு வாங்கிய நிலம், ஓராண்டுக்குள் சுமார் 30 லட்சம் டாலர் என்றே மதிப்பிடப்பட்டும் குற்ற வழக்கு ஏன் எழவில்லை?

பதில் 1: வேளாண் நிலத்தை, பிற்காலத்தில் தொழிற்பகுதியாகக்கூடும் என்ற ஊகத்தில் மதிப்பிட்டதே விலை உயர்வின் வேர். நிலத்தை வாங்கிய அரசுத் துறை உரிய கவனத்துடன் செயல்படவில்லை என்று தலைமைத் தணிக்கையாளர் 2020இல் கண்டித்தார். ஆயினும் கூட்டாட்சிக் காவல்துறை, குற்றத்திற்கு ஆதாரமில்லை என 2021இல் விசாரணையை முடித்தது.

பதில் 2: குற்றம் மெய்ப்பிக்கப்படாதது நிர்வாகத்தின் நேர்மைக்குச் சான்றாகிவிடுமா? பத்து மடங்கு விலைக்கு ஒப்புதல் அளித்த துறையின் அமைச்சர் நாடாளுமன்றத்தில் விளக்க வேண்டாமா?

பதில் 3: அப்போது கூட்டாட்சி அளவில் ஊழல் தடுப்பு ஆணையமே இல்லை, 2023 ஜூலையில்தான் அது செயல்படத் தொடங்கியது.