புதுப்பிப்பு: கோதுமை இல்லாத பிளம்ஸ் பை (pie), இந்த தடவ உடையல

போன வாரம் எழுதியிருந்தேன்ல, நம்ம கொடைக்கானல் பிளம்ஸ் வச்சு பை செஞ்சேன், மாவு தேய்க்கும்போதே விரிசல் விட்டு அடியும் ஊறிப்போச்சுன்னு, நேத்து திரும்ப செஞ்சேன், வந்துடுச்சு! பொண்ணுக்கு சீலியாக் இருக்கு (கோதுமைல இருக்கற குளூட்டன்ங்கற புரதம் ஒத்துக்காத நோய்), முதல் தடவையா பை துண்டை கையில புடிச்சு சாப்பிட்டா, எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

பெரிய மாற்றம் இசப்கோல்தான் (ஈரம் பட்டா பசையாகற ஒரு விதையோட உமி). 200 கிராம் அரிசி மாவு, 50 கிராம் கார்ன்ஃப்ளார், 100 கிராம் ஜில்லுன்னு வெண்ணெய், ஒரு முட்டை, அதோட ரெண்டு ஸ்பூன் இசப்கோல். குளூட்டன் செய்ற ஒட்டுற வேலைய அது செய்யுது, ஆனா ஈரத்தை இழுத்து பசையாக நேரம் வேணும், அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சே ஆகணும், போன தடவ நான் அவசரப்பட்டு உடனே தேய்ச்சேன். ரெண்டு பட்டர் பேப்பருக்கு நடுவுல வச்சு தேய்ங்க.

பழத்தை முதல்ல சட்டியில வத்த விடுங்கன்னு ஒரு அக்கா சொன்னாங்க, ரொம்ப நன்றிக்கா, அடி ஊறவே இல்ல. இங்க 2,100 மீட்டர் உயரத்துல தண்ணி 93 டிகிரி கிட்டயே கொதிச்சிடும், அதனால பழம் வேக கூடுதல் நேரம் ஆச்சு. மாவை மட்டும் தனியா 180 டிகிரியில 15 நிமிஷம் வச்சுட்டு அப்புறம்தான் பழம் போட்டேன்.

ஒண்ணு முக்கியம், சீலியாக் உள்ளவங்களுக்கு மில்லுல அரைச்ச அரிசி மாவு வேண்டாம், அதே மிஷின்லதான் கோதுமையும் அரைப்பாங்க, நான் வீட்டு மிக்ஸியிலயே அரைச்சு சலிச்சுக்கிட்டேன்.

அடுத்து பேரிக்காய் வரட்டும், அதுலயும் செஞ்சு பாத்துட்டு எழுதறேன்.