பழைய வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப் சேனலா, பிராட்காஸ்டா? உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. மதுரையில் அம்மாவும் நானும் சுங்குடி சேலை விற்கிறோம், கடை கிடையாது, எல்லாம் இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் பிசினஸ் வழியாகத்தான். ரீல்ஸ் போட்டால் புது ஆட்கள் வருகிறார்கள். ஒரு தடவை வாங்கியவர்களைத் திரும்ப வரவைப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

இப்போது பிராட்காஸ்ட் லிஸ்டில், அதாவது ஒரே செய்தி பலருக்கும் தனித்தனியாகப் போகும் வசதியில், புதுச் சேலைப் படங்களை அனுப்புகிறோம். ஒரு லிஸ்டில் 256 பேர்தான், அதிலும் எங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். சேமிக்கச் சொல்லி பார்சலுக்குள் சீட்டு வைக்கிறோம், பலர் செய்வதில்லை. குரூப் வேண்டவே வேண்டாம் என்கிறார் அம்மா. ஒருவர் எண் மற்றவருக்குத் தெரிந்துவிடும், வாங்குபவர்கள் பெரும்பாலும் பெண்கள், யாரோ தெரியாத ஆள் ராத்திரியில் மெசேஜ் அனுப்பினால் அதற்கு நாங்கள்தான் பொறுப்பு. எனக்கும் அது சரி என்றே படுகிறது.

2023இல் வந்த சேனலில், அதாவது நாம் போடுவதை விரும்பியவர்கள் பின்தொடரும் வசதியில், ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியும் தொல்லை இல்லை. ஆனால் அங்கே எமோஜி போடலாம், வாக்களிக்கலாம், பிராட்காஸ்டில் போல உடனே பதில் எழுதி "இந்த அரக்கு மாமியாருக்கு எடுப்பாக இருக்குமா" என்று கேட்க முடியாதே! எங்களுக்கு விற்பனையே அந்தப் பேச்சில்தான் நடக்கிறது.

சேனலுக்கு மாறியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், மறு ஆர்டர் கூடியதா குறைந்ததா? அப்புறம், வாங்கிய சேலையை முதல் தடவை அலசுவது எப்படி என்று சின்ன வீடியோ அனுப்பலாமா? மாதம் எத்தனை செய்தி வரை பிளாக் செய்யாமல் பொறுத்துக்கொள்வார்கள்? துணி, நகை, தின்பண்டம் எந்தத் தொழிலானாலும் உங்கள் அனுபவம் வேண்டும்.