புதுப்பிப்பு: வீட்டுக்கடன் பாதியில் நிற்கும்போது பணத் தீர்ப்பு வந்தால்

தனியார் கைமாற்றுக் கடனுக்கான கோர்ட் தீர்ப்பு தானாகச் சிபிலில் ஏறாது, வீட்டு லோனையும் பாதிக்காது என்று முந்தைய பதிவில் சொல்லியிருந்தோம். முதல் பாதி சரி. இரண்டாவது தவறு. தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் சொந்த மனையை வைத்துக் கட்டுமானக் கடன் கேட்டிருப்பவர்கள் அவசியம் கவனிக்கவும்.

பாங்க் வக்கீல் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். அதைவிடப் பெரிய விஷயம் ஜப்தி, அதாவது தீர்ப்புத் தொகைக்காகக் கோர்ட் மனையை முடக்கி வைப்பது. மனை ஜப்தியான பிறகு எழுதிக்கொடுக்கும் அடமானம், சிவில் நடைமுறைச் சட்டம் 64-ஆம் பிரிவின்படி, தீர்ப்பு பெற்றவரின் உரிமைக்கு எதிராகச் செல்லாது. சாங்ஷன் லெட்டர் கையில் இருந்தும் பணம் நிற்பது இதனால்தான்.

தீர்ப்பான கைமாற்றுக் கடனை அடைத்தால் மட்டும் போதாது. கோர்ட்டுக்கு வெளியே கொடுத்திருந்தால், அதே சட்டத்தின் கட்டளை 21 விதி 2-இன்படி 30 நாளுக்குள் மனு போட்டுப் பதிவு செய்யுங்கள். பதியாத தொகையை நிறைவேற்று நீதிமன்றம் (தீர்ப்புத் தொகையை வசூலித்துத் தரும் கோர்ட்) கணக்கில் எடுக்காது. திரும்பவும் கட்ட நேரிடும். கோர்ட்டிலேயே கட்டுவது நிம்மதி.

சம்மனே வராமல் ஒருதலைத் தீர்ப்பா? தெரியவந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் ரத்து மனு.

ஜப்தி நீங்கிய உத்தரவு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று புதிதாக வில்லங்கம் போட்டுப் பாருங்கள். அந்த வில்லங்கச் சான்றையும் உத்தரவின் சான்றிட்ட நகலையும் பாங்கில் நீங்களே முதலில் கொடுத்துவிடுங்கள்.