தவ்ஹு (டோஃபு) மீஹூன் (அரிசி சேமியா) சாலட் மதியத்துக்குள் நமத்துப் போகுது, என்ன செய்யலாம்?

செந்தூல்வாசி:
வேலைக்குக் கட்டிக்கொண்டு போக ஒரு வீகன் (முட்டை, பால்கூட இல்லாத) சாலட். காலையில் 20 நிமிஷத்துக்கு மேல் ஆகக்கூடாது. 2 பேருக்கு இப்போதைய கணக்கு: தவ்குவா (கெட்டி டோஃபு) 2 துண்டு, முட்டைக்கோஸ் கால் பங்கு, கேரட் 1, தவ்கே (முளைப்பயறு) ஒரு கைப்பிடி, வேகவைத்த மீஹூன், மேலே கிச்சாப்பும் (சோயா சாஸ்) லீமாவ் (எலுமிச்சை) சாறும். 7 மணிக்குக் கலந்து 12 மணிக்குத் திறந்தால் அடியில் தண்ணி, மீஹூன் ஒரே கட்டி, தவ்குவா ரப்பர் மாதிரி. எங்கே தப்பு?

பத்து_கேவ்ஸ்_அடுப்படி:
மீஹூனை வேகவைக்காதீங்க, பொரிங்க. 2 பேருக்குக் காய்ந்த மீஹூன் 30 கிராம் தாராளம், பொரிந்தால் பல மடங்கு உப்பும். கட்டியை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் விட்டுப் பிய்த்தால் துண்டுகள் அடுப்படி முழுக்கத் தெறிக்காது. குவாலியில் (வாணலி) எண்ணெய் 2 அங்குலம். ஒரே ஒரு இழையைப் போட்டுப் பாருங்க: ரெண்டு மூணு விநாடியில் வெள்ளையாக உப்பி மேலே வந்தால் சூடு சரி. அடியிலேயே கிடந்தால் இன்னும் காயணும். அந்தச் சூட்டில் போட்டால் எண்ணெய் குடித்து, பல்லை உடைக்கிற கம்பியாகிவிடும். ஒரு தடவைக்கு ஒரு சின்னப் பிடிதான். ஆறியதும் காற்றுப் போகாத டப்பாவில் வைத்தால் நாலைந்து நாள் தாங்கும். இங்கே இருக்கிற ஈரக்காற்றில் திறந்து வைத்தால் அரை மணிகூடத் தாங்காது. ஞாயிற்றுக்கிழமை பொரித்து வைத்துவிட்டால் காலையில் அந்த வேலையே இல்லை.

பினாங்கு_ரோஜாக்:
தவ்கே வேண்டாம், அது தண்ணி விடும். பதிலாகச் செங்குவாங் (பச்சையாகத் தின்கிற ஒரு கிழங்கு) 150 கிராம். தோலுக்குக் கீழே இருக்கிற நார்ப்படலத்தையும் உரித்துவிட்டுத் தீக்குச்சி அளவுக்கு வெட்டுங்க, சாயங்காலம் வரை நறுக்கென்று இருக்கும். முட்டைக்கோஸை மெலிசாகச் சீவி ஐஸ் தண்ணியில் 10 நிமிஷம் போட்டு, துணியில் நன்றாக ஒற்றி எடுங்க. உப்பு தொடவே கூடாது, தண்ணியை இழுத்துவிடும். வெள்ளரி போட்டால் நடு விதையை வழித்து எறியுங்க. லக்சாவுக்குப் (நூடுல்ஸ் குழம்பு) போடுகிற புங்கா கந்தான் (இஞ்சி இனப் பூ) அரை மொட்டு பொடியாக அரிந்து சேர்த்தால் வாசமே தனி.

தவ்குவா ரப்பராவதற்குக் காரணம் சூட்டோடு மூடுவது. ஆவி மூடியில் பட்டுத் திரும்பச் சொட்டும். துணியில் சுற்றி மேலே கனமான சட்டியை 10 நிமிஷம் வையுங்க. ஒன்றரை சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, அடுப்பில் போடுவதற்குச் சற்றுமுன் 1 மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளவரில் புரட்டுங்க. முன்பே புரட்டினால் மாவு பசையாகும். எண்ணெய் 3 மேசைக்கரண்டி. முதல் 3 நிமிஷம் கரண்டி போடாதீங்க, பொரிந்ததும் தானே சட்டியை விட்டுக் கழன்று வரும். தாளில் கொட்டாமல் கம்பித் தட்டில் ஆறவிடுங்க.

செந்தூல்வாசி:
நன்றி. அவசரத்துக்கு மேகி மீயை அப்படியே நொறுக்கிப் போடலாமா? குழாய் மாதிரி பிளாஸ்டிக்கில் வருகிற தவ்ஹு சரிப்படுமா?

பத்து_கேவ்ஸ்_அடுப்படி:
குழாயில் வருவது பெரும்பாலும் முட்டை தவ்ஹு. பெயரிலேயே ‘தெலுர்’ (மலாயில் முட்டை) இருக்கும், பாருங்க. முட்டை இல்லாத வகையும் வருது, ஆனால் அது கொழகொழவென்று உடையும், சாலட்டுக்கு ஆகாது. உடனடி மீ ஏற்கெனவே பொரித்ததுதான், நொறுக்கிப் போடலாம். சுவைத்தூளைத் தூக்கிப் போட்டுவிடுங்க, கோழி, இறால் எதுவும் இருக்கலாம். ‘வெஜிடேரியன்’ என்று போட்டிருந்தாலும் முட்டை, பால் பவுடர் இருக்கலாம், பொருள் பட்டியலில் ‘தெலுர்’, ‘சூசு’ (பால்) தேடுங்க. ரோஜாக்குக்குப் (பழம், காய் சாலட்) போடுகிற ஹேகோ விழுது இறாலில் செய்தது, அதுவும் வேண்டாம்.

கெப்போங்_கிச்சாப்:
சாலட்டில் ஊற்றுகிற சாறை யாருமே சொல்லலையே. குலா மெலாக்கா (தென்னை வெல்லம்) சீவல் 1 மேசைக்கரண்டியை அதே அளவு வெந்நீரில் கரைத்து, கிச்சாப் மாசின் (உப்புச் சோயா சாஸ்) 2 மேசைக்கரண்டி, 8 அல்லது 9 லீமாவ் கஸ்தூரியின் (குட்டி எலுமிச்சை) சாறு, துருவிய இஞ்சி அரைத் தேக்கரண்டி, சிலி பாடி (குட்டிக் காரமிளகாய்) 1. லீமாவ் சாறை வடிகட்டணும், விதை கிடந்தால் கசக்கும். கடைசியில் சீனக் கடை வறுத்த எள்ளெண்ணெய் 1 தேக்கரண்டி. நம்ம நல்லெண்ணெயில் அந்த வாசம் வராது.

இது தனிக் குப்பியில் போகட்டும். காயும் தவ்குவாவும் ஒரு டப்பா, போனதும் ஆபீஸ் ஃபிரிஜ்ஜுக்குள். மீஹூனும் வறுத்த கச்சானும் (நிலக்கடலை) வெளியே, வேறு டப்பாவில். சாப்பிட உட்கார்ந்த பிறகு சாறை ஊற்றிக் கிளறி, மீஹூனைக் கடைசியாக நொறுக்கிப் போடுங்க. போட்டதும் சாப்பிட்டுவிடணும், நடுவில் போன் வந்தால் எடுக்காதீங்க.